மின்சாரக் காருக்குக் காப்புறுதி: எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

மின்சாரக் கார் வாங்க முடிவு செய்தபோது, ஒரு முறை மின்னேற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும், வீட்டில் சார்ஜர் பொருத்த என்ன செலவாகும், மாத மின்கட்டணம் எவ்வளவு கூடும் என்றெல்லாம் நானும் என் மனைவியும் வாரக்கணக்கில் கணக்குப் போட்டோம். காப்புறுதியைப் பற்றி மட்டும் ஒரு நாள்கூட உட்கார்ந்து பேசவில்லை. பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எங்கள் பழைய பெட்ரோல் காரான பெரோடுவா மைவியின் காப்புறுதிப் புதுப்பிப்புக் கடிதத்தையும் புதிய காருக்கு வந்த விலைக் குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்த அன்றுதான் விழித்துக்கொண்டோம். மைவிக்கு நானூறு ரிங்கிட்டுச் சொச்சம். புதிய காருக்கு நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. அந்த நாலாயிரத்தில் பெரும் பகுதியை முறையான வழியிலேயே குறைக்க முடிந்தது. ஆனால் குறைக்கும் ஆர்வத்தில், கைவைக்கவே கூடாத ஓர் இடத்திலும் கைவைக்க இருந்தோம். பினாங்கிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் நம்மவர் பலர் இப்போது மின்சாரக் கார்களுக்கு மாறிவருவதால், இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

பிரீமியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது

மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, காப்புறுதி இல்லாமல் எந்தக் காரையும் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. அது இல்லாமல் சாலை வரியையும் புதுப்பிக்க முடியாது. சட்டம் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அது நாம் பிறருக்கு விளைவிக்கும் தீங்குக்குத்தான் ஈடு தரும். நம் கார் நொறுங்கினால் ஒரு காசும் தராது. வங்கிக் கடனில் வாங்கிய காருக்கு, நம் காருக்கும் ஈடு தரும் முழுமைக் காப்புறுதியை வங்கியே கேட்கும். மின்சாரக் காரை ரொக்கமாக வாங்கியவர்களும் முழுமைக் காப்புறுதியைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2017 ஜூலை 1 வரை முழுமைக் காப்புறுதியின் விலை நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு கட்டணப் பட்டியலின்படி இருந்தது. அதன் பிறகு மத்திய வங்கியான பேங்க் நெகாரா அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, ஓட்டுநரையும் காரையும் இடரையும் பார்த்து நிறுவனங்கள் தாமே விலை வைக்க வழிவிட்டது. இருந்தாலும், வந்திருக்கும் விலை நியாயமானதா என்று அளந்து பார்க்க அந்தப் பழைய பட்டியலைப் போன்ற நல்ல அளவுகோல் வேறில்லை. தீபகற்ப மலேசியாவில், முதல் 1,000 ரிங்கிட் மதிப்புக்கு இயந்திரத்தின் சிசி அளவைப் பொறுத்து 273.80 ரிங்கிட்டிலிருந்து 501.30 ரிங்கிட் வரை ஓர் அடிப்படைத் தொகை. அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு 1,000 ரிங்கிட்டுக்கும் 26 ரிங்கிட். அவ்வளவுதான் கணக்கு.

மின்சாரக் காருக்குச் சிசி கிடையாது. அதன் மோட்டாரின் திறன் கிலோவாட்டில் அளக்கப்படுகிறது. ‘இந்தக் காரை எந்த வகுப்பில் சேர்ப்பார்களோ’ என்று பலர் கவலைப்படுகிறார்கள். கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் அந்தக் கவலை நீங்கும். 150,000 ரிங்கிட் மதிப்புள்ள ஒரு காரை 1,651 முதல் 2,200 சிசி வரையுள்ள வகுப்பில் வைத்துப் பார்ப்போம். அடிப்படைத் தொகை 339.10 ரிங்கிட், மீதி 149 ஆயிரத்துக்கு 3,874 ரிங்கிட், மொத்தம் 4,213.10 ரிங்கிட். பட்டியலின் மிகக் குறைந்த வகுப்புக்கும் மிக உயர்ந்த வகுப்புக்கும் உள்ள வேறுபாடே 227.50 ரிங்கிட்தான். ஆக, பிரீமியத்தை உயர்த்துவது பெரும்பாலும் காரின் விலை. ஐம்பதாயிரம் ரிங்கிட் காரிலிருந்து ஒன்றரை லட்சம் ரிங்கிட் காருக்கு மாறுகிறவர், அது பெட்ரோல் காராக இருந்தாலும் இதே அதிர்ச்சியைத்தான் அடைவார்.

மின்சாரக் காருக்கே உரிய கூடுதல் செலவும் இல்லாமல் இல்லை. காரிலேயே விலை உயர்ந்த ஒற்றைப் பாகம் அதன் அடிவயிற்றில் கிடக்கும் பேட்டரி. உயர் மின்னழுத்தப் பாகங்களைத் தொடுவதற்குப் பயிற்சி பெற்றவர்கள் சில பட்டறைகளில்தான் இருக்கிறார்கள். முன் கண்ணாடியிலும் பம்பரிலும் பொருத்தப்பட்ட கேமராக்களையும் சென்சார்களையும், ஒரு சிறிய இடிக்குப் பிறகும் மறுபடி சரிபார்த்து அளவமைக்க வேண்டியிருக்கிறது. இவற்றைக் கருதி நிறுவனங்கள் தத்தம் கணிப்புக்கேற்ப விலையைக் கூட்டுகின்றன. ஒரே காருக்கு மூன்று நிறுவனங்கள் மூன்று விலை சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஒரே ஒரு விலைக் குறிப்போடு திருப்தியடைந்துவிடக் கூடாது.

என்சிடியை எந்தக் காருக்கு வைப்பது

எங்கள் செலவை மிக அதிகமாகக் குறைத்தது என்சிடிதான். இழப்பீட்டுக் கோரிக்கை எதுவும் வைக்காமல் ஓட்டிய ஆண்டுகளுக்கு நிறுவனம் தரும் கழிவு அது. தனியார் கார்களுக்கு முதல் ஆண்டு முடிவில் 25 விழுக்காடு, பின்னர் 30, 38.33, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டு முடிவில் 55 விழுக்காட்டில் நிற்கும். இந்தக் கழிவு காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது என்பதைப் பலர் அறிந்திருக்கவில்லை. ஒருவர் தம் பெயரில் உள்ள ஒரு காரிலிருந்து தம் பெயரில் உள்ள மற்றொரு காருக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கார்களுக்கு அது பயன்படாது.

எங்கள் மைவிக்கு 55 விழுக்காடு கழிவு இருந்தது. மதிப்பு 25,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், பட்டியல் கணக்கில் அதன் பிரீமியம் 929.50 ரிங்கிட்; கழிவு போக 418.28 ரிங்கிட். புதிய காருக்குக் கழிவே இல்லாததால் முழு 4,213.10 ரிங்கிட். இரண்டையும் சேர்த்தால் 4,631.38 ரிங்கிட். கழிவை இடம் மாற்றினால் மைவிக்கு முழு 929.50 ரிங்கிட்டும் புதிய காருக்கு 1,895.90 ரிங்கிட்டும் ஆகிறது, மொத்தம் 2,825.40 ரிங்கிட். அதாவது, ஒரே ஒரு படிவத்தினால் ஓர் ஆண்டில் ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட் மிச்சம். மைவி அடுத்த ஆண்டிலிருந்து மறுபடி 25 விழுக்காட்டில் ஏறத் தொடங்கிவிடும்.

இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. பழைய காரின் காப்புறுதி ஆண்டின் நடுவில் இருந்தால், கழிவைத் திரும்பப் பெறும்போது எஞ்சிய மாதங்களுக்கு உரிய கழிவுத் தொகையை அந்த நிறுவனம் கேட்டு வாங்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, புதிய கார் யார் பெயரில் பதிவாகிறது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். கணவர் பெயரில் 55 விழுக்காடு இருக்க, புதிய காரை மனைவி பெயரில் பதிவு செய்துவிட்டால், அந்தக் கழிவு இருந்தும் இல்லாத நிலைதான். விற்பனை நிலையத்தில் இதை யாரும் நினைவூட்டுவதில்லை.

காரின் மதிப்பை எவ்வளவு என்று எழுதுவது

மின்சாரக் காரில் மிகுந்த தடுமாற்றம் இந்த இடத்தில்தான் ஏற்படுகிறது. புதிய மாதிரிகள் அடுத்தடுத்து வருவதாலும், விற்பனையாளர்கள் விலையைக் குறைப்பதாலும், பழைய மின்சாரக் காரின் சந்தை மதிப்பு பெட்ரோல் காரைவிட வேகமாகச் சரிகிறது. காப்புறுதித் தொகையை, அதாவது காரின் மதிப்பு என்று சென்ற ஆண்டு எழுதிய தொகையை, அப்படியே வைத்துப் புதுப்பிக்கிறவர், ஒவ்வோர் ஆயிரம் ரிங்கிட்டுக்கும் 26 ரிங்கிட்டை வீணாகக் கட்டுகிறார். ஏனென்றால் சந்தை மதிப்பின் அடிப்படையில் எடுத்த காப்புறுதி, விபத்து நடந்த நாளின் சந்தை மதிப்புக்கு மேல் ஒரு ரிங்கிட்டும் தராது. மதிப்பு 130,000 ஆகிவிட்ட காரை 150,000 என்று எழுதினால், கழிவுக்கு முந்தைய கணக்கில் 520 ரிங்கிட் பயனில்லாமல் போகிறது.

அதற்காகக் குறைத்து எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. காப்புறுதித் தொகை சந்தை மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், குறைத்துக் காப்புறுதி செய்ததாகக் கருதி, இழப்பின் ஒரு பங்கை நம் தலையிலேயே சுமத்துவார்கள். சந்தை மதிப்பு 150,000 ரிங்கிட்டாக உள்ள காரை 120,000 ரிங்கிட்டுக்கு எழுதி, 30,000 ரிங்கிட்டுக்குப் பழுதுபார்க்க நேர்ந்தால், நிறுவனம் தருவது 24,000 ரிங்கிட். மீதி 6,000 ரிங்கிட் நம் பையிலிருந்து போகும். இப்படிக் குறைத்து எழுதியதால் பிரீமியத்தில் மிச்சமாவது, 55 விழுக்காட்டுக் கழிவு உள்ளவருக்கு, 351 ரிங்கிட். இந்த ஒப்பீட்டைப் பார்த்த பிறகு வேறு விளக்கம் தேவையில்லை.

கடன் பாக்கி உள்ளவர்கள் இன்னும் ஓர் அடி மேலே யோசிக்க வேண்டும். கார் முழுதும் அழிந்ததாக அறிவிக்கப்பட்டால், இழப்பீட்டுத் தொகை முதலில் வங்கிக்குத்தான் போகும். ஒன்பது ஆண்டுத் தவணையில் வாங்கியவருக்கு முதல் மூன்று, நான்கு ஆண்டுகளில் கடன் பாக்கி மெதுவாகத்தான் குறையும்; காரின் மதிப்போ விரைந்து குறையும். இரண்டுக்கும் இடையே இருபதாயிரம் ரிங்கிட் இடைவெளி விழுந்துவிட்டால், கார் இல்லாமலேயே தவணை கட்ட நேரிடும். அத்தகையவர்களுக்குச் சந்தை மதிப்பைவிட, தொடக்கத்திலேயே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் ‘அக்ரீட் வேல்யூ’ முறை நல்லது. அந்த முறையில், ஆண்டு நடுவில் சந்தை எவ்வளவு சரிந்தாலும் எழுதிய தொகை மாறாது. பிரீமியம் சற்றுக் கூடினாலும் நான் அதையே எடுக்கிறேன்.

பேட்டரியை மாத வாடகைக்குத் தரும் ஏற்பாட்டில், பெரோடுவா கியூவி-இ போன்ற காரை வாங்குகிறவர்கள் ஒரு கேள்வியை எழுத்து மூலம் கேட்டுப் பதிலும் வாங்கிக்கொள்ள வேண்டும்: காப்புறுதித் தொகையில் பேட்டரியின் மதிப்பு சேர்ந்திருக்கிறதா, கார் அழிந்தால் பேட்டரிக்கு யார் யாருக்குப் பணம் கட்ட வேண்டும்? வாய்மொழிப் பதிலை இங்கே ஏற்காதீர்கள்.

வெள்ளம்

நாங்கள் தவறாகக் கைவைக்க இருந்த இடம் இதுதான். வழக்கமான முழுமைக் காப்புறுதியில் வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவை அடங்கா. ஸ்பெஷல் பெரில்ஸ் என்று முகவர்கள் சொல்லும் கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பழைய பட்டியலில் அதற்குக் காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடு, இப்போது அதைவிடக் குறைவான விலைக்கும், வரம்புக்கு உட்பட்ட வடிவத்திலும் கிடைக்கிறது. 150,000 ரிங்கிட் காருக்கு 0.5 விழுக்காடு என்றால் 750 ரிங்கிட். அதை எடுத்துவிட்டால் மொத்தம் எவ்வளவு அழகாகக் குறைகிறது என்று நானே அந்த வரியின் மேல் பேனாவை வைத்தேன்.

என் மனைவிதான் 2017ஐ நினைவூட்டினாள். அந்த ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி மாலை தொடங்கி விடிய விடியப் பெய்த மழையில் பினாங்கின் பல பகுதிகள் மூழ்கின. ஜார்ஜ்டவுனில் ஒரு தாழ்வான தெருவில் குடியிருந்த என் அண்ணனின் கார், இருக்கைக்கு மேலே நீர் நிற்க, இரவு முழுவதும் கிடந்தது. மறுநாள் கதவைத் திறந்தபோது சேறு கலந்த நீர் கொட்டியதும், கியர் குழியில் ஒரு சிறு மீன் கிடந்ததும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அவருடைய காப்புறுதியில் வெள்ளத்துக்குப் பாதுகாப்பு இல்லை. அது பழைய பெட்ரோல் கார் என்பதால், இருக்கையைக் கழற்றிக் காயவைத்து, மின்கம்பிகளை மாற்றி, எப்படியோ மறுபடி ஓட்டினார். மின்சாரக் காரில் அந்த வழி இல்லை. நீரில் மூழ்கிய உயர் மின்னழுத்தப் பேட்டரியை ‘பாதுகாப்பானது’ என்று கையெழுத்திட்டுத் தரப் பட்டறைகள் தயங்கும். பல வேளைகளில் கார் முழுதாகவே கழித்துக் கட்டப்படும்.

பினாங்கில் மட்டும் இந்த நிலை என்று எண்ண வேண்டாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கியதை நாடே பார்த்தது. மேட்டில் குடியிருப்பவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்பதற்குக் கோலாலம்பூரே சாட்சி: 2024 மே 7ஆம் தேதி ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெருங்காற்றில் மரம் சாய்ந்து கார்களை நசுக்கியது, ஓர் உயிரும் போனது. காற்றில் விழும் மரமும் இதே பிரிவில்தான் வருகிறது. அடுக்குமாடியில் நிலத்தடி வாகன நிறுத்தம் உள்ளவர்களுக்கோ கேள்விக்கே இடமில்லை. ஆகவே விலை பேசும்போது இந்த வரியை நீக்கச் சொல்லாதீர்கள். எந்த நிறுவனம் இதைக் குறைந்த விகிதத்தில் தருகிறது, எந்தத் தொகை வரை தருகிறது என்று மட்டும் கேளுங்கள். வரம்புக்கு உட்பட்ட வடிவம், காரின் மதிப்பில் ஒரு பகுதியோடு நின்றுவிடக்கூடும்.

பேட்டரி: உத்தரவாதம் முடியும் இடமும் காப்புறுதி தொடங்கும் இடமும்

பேட்டரிக்கு உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறார்கள். இதைக் கேட்டதும் ‘பேட்டரிக்குத்தான் உத்தரவாதம் இருக்கிறதே’ என்று நிம்மதியடைகிறோம். அந்த உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கும், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே கொள்திறன் இறங்கினால் அதற்கும்தான். அடிபட்டால் அது பேசாது. மறுபுறம், பேட்டரி வயதாகித் தேய்வதற்குக் காப்புறுதி பொறுப்பேற்காது. அடிபட்டால் மட்டுமே பொறுப்பேற்கும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் இடையில் எது விடுபட்டிருக்கிறது என்பது தெரியவரும்.

இதை நான் கற்றது பிறை தொழிற்பேட்டைச் சாலையில். முன்னால் சென்ற லாரியிலிருந்து விழுந்த ஓர் இரும்புத் துண்டு என் காரின் அடியில் அறைந்தது. கார் எப்போதும்போல் ஓடியது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. இருந்தாலும் மறுநாள் அங்கீகரிக்கப்பட்ட பட்டறைக்குக் கொண்டுபோனேன். காரை மேலே தூக்கி, கைவிளக்கைப் பிடித்துக் காட்டினார் அங்கிருந்த இளைஞர். கீழ்க்காப்புத் தகடு கிழிந்து, அதற்கு மேலே பேட்டரிப் பெட்டியின் அலுமினிய அடிப்பரப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கீறல். ‘அண்ணே, கீறல்னா பரவால்ல. குழி விழுந்திருந்தா நாங்க தட்டி எடுக்க மாட்டோம்; அளவு தாண்டினா பெட்டியையே மாத்தணும்’ என்றார். காற்றழுத்தக் கசிவுச் சோதனையும் கணினிச் சோதனையும் நடத்தி, பெட்டிக்குச் சேதம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். காப்புத் தகடும் சோதனையும் கூலியுமாக 1,100 ரிங்கிட் ஆனது.

அப்போது எழுந்த கேள்வி: இந்த 1,100 ரிங்கிட்டுக்குக் கோரிக்கை வைப்பதா? நம் காப்புறுதியில் நாமே கோரிக்கை வைத்தால் என்சிடி முழுதும் போய், அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். 55 விழுக்காட்டில் இருக்கிறவர் மறுபடி அங்கே ஏறும்வரை இழக்கும் கழிவுகளை ஆண்டுவாரியாகக் கூட்டினால் 55, 30, 25, 16.67, 10 என்று 136.67 விழுக்காடு வருகிறது. 4,213.10 ரிங்கிட் பிரீமியத்தில் அது 5,758 ரிங்கிட். காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் உண்மையில் சற்றுக் குறையும். ஆனாலும் நாலாயிரத்துக்குக் கீழே வருவது அரிது. ஆகவே நான் என் பணத்தையே கட்டினேன். மின்சாரக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம் காருக்கு இந்தக் கணக்கை ஒரு முறை போட்டு, ‘இந்தத் தொகைக்குக் கீழே என்றால் கோரிக்கை வைக்க மாட்டேன்’ என்று ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. விபத்து நடந்த பதற்றத்தில் அந்தக் கணக்கு ஓடாது.

நம் தவறு இல்லாத விபத்தானால் நிலை வேறு. எதிர்த் தரப்பின் காப்புறுதியிலிருந்து கோரினாலும், அவரவர் நிறுவனமே அவரவர் காருக்கு ஈடு தரும் ‘நாக் ஃபார் நாக்’ ஏற்பாட்டின்படி நம் நிறுவனத்திலேயே கோரினாலும், என்சிடிக்குக் குறைவில்லை. முன் கண்ணாடிக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் அந்தக் கோரிக்கையும் கழிவைப் பாதிக்காது. பழைய பட்டியலில் அதற்குக் கண்ணாடியின் மதிப்பில் 15 விழுக்காடு. கண்ணாடியின் விலையோடு கேமராவை அளவமைக்கும் செலவையும் சேர்த்து மதிப்பை எழுதச் சொல்லுங்கள். காரின் கூரை கண்ணாடியாக இருந்தால், அதுவும் இதில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டு நிறைந்ததும் காத்திருக்கும் ஒரு செலவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆண்டு நிறைந்த காருக்குப் பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் பொருத்தினால், அந்தப் பாகத்தின் விலையில் ஒரு பங்கை உரிமையாளர் ஏற்க வேண்டும். பெட்டர்மென்ட் எனப்படும் இது ஐந்து ஆண்டு நிறைந்ததும் 15 விழுக்காட்டில் தொடங்கி, ஆண்டுக்கு 5 விழுக்காடாக ஏறி, பத்து ஆண்டு நிறைந்ததும் 40 விழுக்காட்டை எட்டுகிறது. பம்பருக்கு 15 விழுக்காடு என்றால் சில நூறு ரிங்கிட்டோடு போகும். 50,000 ரிங்கிட் பேட்டரியை மாற்ற நேர்ந்தால் அது 7,500 ரிங்கிட். பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் இருக்கிறது என்ற நினைப்பில், ஐந்து ஆண்டு நிறைந்ததுமே தொடங்கும் இந்தச் சுமையைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டர்மென்ட்டைத் தள்ளுபடி செய்யும் கூடுதல் பாதுகாப்பு விற்கப்படுகிறது. ஐந்து ஆண்டு நிறையும் வரை அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை, நிறைந்ததும் மறக்கக் கூடாது. 2022 இறுதியில் பிஒய்டி அட்டோ 3 மின்சாரக் காரை வாங்கியவர்களுக்கு அந்தக் காலம் 2027 இறுதியில் வருகிறது.

சிறு சேர்க்கைகள்

மின்சாரக் காரை இரண்டு சக்கரங்களில் தூக்கி இழுத்துச் செல்லக் கூடாது. முழுக்காரையும் மேலே ஏற்றும் தட்டு லாரிதான் வேண்டும். இலவச இழுவைச் சேவை என்று எழுதியிருந்தால், அது தட்டு லாரிக்கும் பொருந்துமா, எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை ரிங்கிட் வரை என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் ஈப்போ பக்கம் நின்றுவிட்டால் பட்டர்வொர்த் வரை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மின்னேற்றம் தீர்ந்து நின்றால் அருகில் உள்ள சார்ஜருக்குக் கொண்டுசேர்க்கும் சேவையைச் சில நிறுவனங்கள் சேர்த்தே தருகின்றன.

வீட்டுச் சுவரில் பொருத்திய சார்ஜர் காரின் பாகமன்று. தனியாகச் சேர்த்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. காருடன் வந்த மின்னேற்றக் கம்பி களவு போனால் என்ன என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சார்ஜர் பொருத்திய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீட்டுக்கும் வேண்டும், 2,500 ரிங்கிட் வரையிலான வருமான வரிக் கழிவுக்கும் வேண்டும்.

பாகங்கள் வந்து சேர வாரக்கணக்கில் ஆவதால், பழுதுபார்க்கும் நாள்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தரும் ‘கார்ட்’ சேர்க்கை, மின்சாரக் கார் ஒன்றை மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்துக்குப் பயன்படும். எங்களைப் போல் இரண்டாவது கார் உள்ளவர்களுக்குத் தேவையில்லை. ஓட்டுநர்கள் அனைவரின் பெயரையும் எழுதிவிடுங்கள். பெயர் இல்லாதவரோ, 21 வயதுக்குக் குறைந்தவரோ, புதிய ஓட்டுநருக்கான ‘பி’ உரிமம் உள்ளவரோ ஓட்டும்போது விபத்து நடந்தால் 400 ரிங்கிட்டை நாம் ஏற்க வேண்டிவரும். கிராப் ஓட்டப்போகிறவர் அதற்கான சேர்க்கையை எடுக்காமல் ஒரு பயணியைக்கூட ஏற்றக் கூடாது.

விலை கேட்பதும் வாங்குவதும்

காலாவதியாவதற்கு ஒரு மாதம் முன்பே மூன்று இடங்களிலாவது விலை கேளுங்கள். அவற்றில் ஒன்று இஸ்லாமிய முறைக் காப்புறுதி தரும் தக்காஃபுல் நிறுவனமாக இருக்கட்டும், ஏனென்றால் கோரிக்கை இல்லாத ஆண்டு முடிவில் பணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டம் அங்கே உண்டு. மூன்று விலைகளையும் ஒப்பிடும்போது காப்புறுதித் தொகை, மதிப்பு முறை, வெள்ளப் பாதுகாப்பு, கண்ணாடியின் மதிப்பு ஆகிய நான்கும் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மலிவாகத் தெரிவது வெறும் விடுபட்ட வரியாக இருக்கும். நேரடியாக இணையத்தில் வாங்கினால் முகவருக்குப் போகும் 10 விழுக்காடு பெரும்பாலும் நமக்குத் தள்ளுபடியாகக் கிடைக்கிறது. முதல் ஆண்டில் மட்டும், மின்சாரக் கார் கோரிக்கையை ஒரு முறையாவது கையாண்ட முகவரிடம் வாங்குவது அந்த 10 விழுக்காட்டுக்கு ஈடானது என்பது என் அனுபவம். எனக்கு வந்த நூறு கேள்விகளுக்கு அவர்தான் பொறுமையாகப் பதில் சொன்னார்.

மொத்தத்தை ஒரு முறை கூட்டிப் பார்ப்போம். கழிவு போக 1,895.90, வெள்ளத்துக்கு 750, 3,000 ரிங்கிட் கண்ணாடிக்கு 450, ஆக 3,095.90 ரிங்கிட். 8 விழுக்காடு சேவை வரி 247.67, முத்திரை வரி 10 சேர்ந்து 3,353.57 ரிங்கிட். இணையத் தள்ளுபடி கிடைத்தால் 3,019.21 ரிங்கிட். கழிவு இல்லாதவர் இதே பாதுகாப்புக்கு 5,856.15 ரிங்கிட் கட்டுவார். 2025 டிசம்பர் 31 வரை மின்சாரக் காருக்குச் சாலை வரி இல்லாமல் இருந்தது. 2026 முதல் மோட்டாரின் கிலோவாட் அளவைப் பொறுத்து வரி உண்டு. ஆகவே அதையும் இந்த மாதச் செலவிலேயே ஒதுக்குங்கள்.

காப்புறுதிச் சான்று வந்ததும் வாகன எண், சேஸிஸ் எண், மோட்டார் திறன், என்சிடி விழுக்காடு, ஓட்டுநர் பெயர்கள், சேர்க்கைகள் ஆகியவற்றை அன்றே சரிபாருங்கள். எனக்கு வந்த முதல் சான்றில் வெள்ளப் பாதுகாப்பு விடுபட்டிருந்தது. பணம் வாங்கியிருந்தார்கள், வரி இல்லை. அன்றே சொன்னதால் மறுநாள் திருத்தித் தந்தார்கள்.

விபத்து நடந்தால்

24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும் என்பது சட்டம். மின்சாரக் காருக்கு அதற்கு முன்பே செய்ய வேண்டியவை சில உள்ளன. காரை அணைத்து, அனைவரும் இறங்கி விலகி நில்லுங்கள். அடியில் பலமாக அடிபட்டிருந்தாலோ நீரில் நின்றிருந்தாலோ மறுபடி இயக்கிப் பார்க்காதீர்கள், வீட்டில் மின்னேற்றவும் செய்யாதீர்கள். நிறுவனத்தின் எண்ணுக்கு அழைத்து, இது மின்சாரக் கார், தட்டு லாரி வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சாலையோரத்தில் தானாக வந்து நிற்கும் இழுவை லாரியிடம் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் கொண்டுபோகும் பட்டறையில் உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர் இல்லாமல், பேட்டரியின் உத்தரவாதத்துக்கே கேடு வரலாம். அடிப்பகுதி, சக்கர வளைவு, மின்னேற்றத் துளை ஆகியவற்றையும் சேர்த்துப் படம் எடுங்கள். சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வரும்போது பேட்டரிச் சோதனை அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். ‘பரவாயில்லை, ஓடுகிறது’ என்ற சொல்லோடு காரைத் திரும்ப வாங்காதீர்கள்.

இழப்பீடு மறுக்கப்பட்டாலோ குறைக்கப்பட்டாலோ, முதலில் அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவை எழுத்தில் பெற வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால், 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையை நாடலாம். 250,000 ரிங்கிட் வரையிலான தகராறுகளை அது விசாரிக்கிறது, பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. நிறுவனத்தின் இறுதிக் கடிதம் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால், அந்தக் கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.